ஈரல் கட்டியை ஊசியால் சுடும்போது சி.டி. எதற்கு?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு வயது 61. ஹெபடைடிஸ் பி பல வருடமாக இருக்கிறது, ஈரல் சுருங்கிவிட்டது என்கிறார்கள். இப்போது ஈரலின் உச்சியில், மார்புக்கு ஒட்டின மாதிரி, 2.3 செ.மீ. கட்டி. ஆபரேஷன் வேண்டாம், சி.டி. அறையில் வைத்து ஊசி விட்டுச் சுட்டுவிடலாம் என்று பெங்களூர் டாக்டர் சொல்கிறார். சாதாரண வயிற்று ஸ்கேனைப் பார்த்தே இதைச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்புறம் சி.டி. எதற்கு? ஊசி கட்டிக்குள்தான் போகிறது என்று எப்படித் தெரியும்? கட்டி முழுக்கச் செத்ததா என்பது எப்படித் தெரியும்?"

தம்பி, நான் டாக்டர் இல்லை. பாலக்கோடு பக்கம் பிறந்தவன், 17 வருடமாக பெங்களூரில் சி.டி. டெக்னீஷியன். ஊசி பிடிப்பது ரேடியாலஜி டாக்டர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுத்துக் கொடுப்பவன். அப்பாவுக்கு எந்த வைத்தியம் சரி என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றும் என் கண் முன்னால் நடக்கிற விஷயங்கள், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்று. இந்த வேலையில் சுடுவது சுலபம். பட்டனை அழுத்தினால் மெஷின் சுடும். ஊசியின் நுனியைக் கொண்டுபோய் சரியான இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். அதைக் கெடுக்கிற எதிரி ஒன்றே ஒன்றுதான்: மூச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

சுடுவது என்றால் நெருப்பு இல்லை. இரண்டு வகை அதிகம் நடக்கிறது. ஒன்று ரேடியோ அலை. ஊசி நுனியிலிருந்து அரை மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவான அலைவரிசையில் மாறுமின்சாரம் பாயும், சுற்றியுள்ள உப்புத் துகள்கள் முன்னும் பின்னும் அதிர்ந்து உரசிச் சூடாகும். அந்த மின்சாரம் திரும்பி வெளியே போக இரண்டு தொடையிலும் பெரிய ஒட்டுப் பட்டை ஒட்டுவார்கள். இன்னொன்று மைக்ரோவேவ். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே 2450 மெகாஹெர்ட்ஸ்தான் பல மெஷின்களில், சிலவற்றில் 915. அது தண்ணீர் மூலக்கூறுகளைச் சுழற்றிச் சூடேற்றும், தொடைப் பட்டை தேவையில்லை, நேரமும் குறைவு. எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: 50 டிகிரியில் சில நிமிடம் இருந்தால் செல் செத்துப்போகும், 60 டிகிரியைத் தொட்டால் கிட்டத்தட்ட உடனே சாகும். 100-ஐத் தாண்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஊசியைச் சுற்றித் திசு கருகிப் பொருக்காகிவிடும். ரேடியோ அலையாக இருந்தால் அந்தப் பொருக்கே மின்சாரத்தை மறித்து, சூடு வெளியே பரவ விடாது. களியை அடி பிடிக்க விட்டுவிட்டால் மேலே வேகாமல் மாவாகவே நிற்குமே, அந்தக் கதைதான்.

இப்போது அளவு. கட்டி 2.3 செ.மீ. என்றால் 2.3 செ.மீ. சுட்டால் போதாது. தோட்டத்தில் கோரை பிடுங்கியிருப்பீர்கள். தெரிகிற புல்லை மட்டும் இழுத்தால் கிழங்கு உள்ளேயே இருக்கும், பத்து நாளில் அதே இடத்தில் முளைக்கும். சுற்றி மண்ணோடு தோண்டி எடுத்தால்தான் தீரும். ஈரல் கட்டியும் படத்தில் தெரிகிற விளிம்போடு நிற்காது, கண்ணுக்குத் தெரியாத செல்கள் கொஞ்சம் வெளியே போயிருக்கும். அதனால் நான்கு பக்கமும், மேலும் கீழும், குறைந்தது 5 மி.மீ. நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட வேண்டும். குடல் புற்றிலிருந்து ஈரலுக்குப் பரவின கட்டியாக இருந்தால் 1 செ.மீ. வரை கேட்பார்கள்.

5 மி.மீ. என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: 2.3 செ.மீ. உருண்டை 3.3 செ.மீ. உருண்டை ஆகிறது. விட்டத்தில் 1 செ.மீ.தான் கூடியது, கொள்ளளவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இன்னொன்றும் பாருங்கள். ஊசி கட்டியின் நடுவிலிருந்து 5 மி.மீ. மட்டும் தள்ளிப் போய்விட்டால், ஒரு பக்கம் 1 செ.மீ. ஓரம் கிடைக்கும், எதிர்ப்பக்கம் ஒன்றுமே இருக்காது. சுட்ட இடத்தின் அளவு சரி, ஆனால் ஒரு ஓரத்தில் கட்டி வெறும் விளிம்போடு நிற்கும். திரும்ப வருவது பெரும்பாலும் அந்த மாதிரி ஓரத்திலிருந்துதான். 5 மி.மீ. என்பது உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. இந்த வேலையில் எங்கள் சண்டையெல்லாம் அந்த அளவுக்காகத்தான்.

இதில் ரத்தக்குழாய் வேறு குறுக்கே வரும். கட்டியை ஒட்டி 3 மி.மீ.க்கு மேல் பருமனான ரத்தக்குழாய் ஓடினால், ஓடுகிற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். வாய்க்கால் ஓரத்து மண் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருப்பது மாதிரி. அந்தப் பக்கம் சரியாக வேகாது. மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, சாதாரண ஸ்கேன் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறைய பேருக்குப் போதும். வயிற்று ஸ்கேன் என்கிற அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, முக்கியமாக ஊசி போவது ஓடுகிற படமாகவே தெரியும். மூச்சு விட்டால் ஈரல் நகர்வதும் தெரியும், ஊசி நகர்வதும் தெரியும். கட்டி ஸ்கேனில் நன்றாகத் தெரிகிற இடத்தில் இருந்தால் கைதேர்ந்த டாக்டர் அதிலேயே முடித்துவிடுவார். நான் சி.டி.காரன் என்பதற்காக அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் அப்பாவின் கட்டி ஈரலின் உச்சியில் இருக்கிறது. உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் தடுப்புக்கு, நேர் கீழே. அங்கே விலா எலும்பு மறைக்கும், அதற்கும் மேல் நுரையீரலின் கீழ் ஓரம் வந்து மூடும். அல்ட்ராசவுண்ட் அலைக்குக் காற்றும் ஆகாது, எலும்பும் ஆகாது. சுருங்கின ஈரல் இன்னும் மேலே ஏறி மார்புக்கூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அடுத்து, சுட ஆரம்பித்ததும் கட்டிக்குள் சின்னச் சின்ன ஆவிக் குமிழிகள் வரும். அல்ட்ராசவுண்டில் அது வெள்ளை மேகமாகத் திரண்டு பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். முதல் ஊசி சுட்டபின் இரண்டாவது ஊசியை எங்கே விடுவது என்று தெரியாமல் போகும். சி.டி.யில் குமிழிகள் கறுப்புப் புள்ளிகளாக மட்டும் தெரியும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். நுரையீரல், குடல், இதயம், பித்தப்பை எது எங்கே இருக்கிறது என்று முழு வரைபடம் கையில் இருக்கும்.

அப்படியென்றால் சி.டி.யில் எல்லாம் பளிச்சென்று தெரியுமா? தெரியாது. ஜனங்கள் தப்பாக நினைக்கிற இடம் இதுதான்.

கான்ட்ராஸ்ட் என்று ஒரு மருந்து உண்டு, ரத்தத்தில் ஏற்றினால் அது போகிற இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதைப் போடாமல் எடுத்த சி.டி.யில், இந்த மாதிரி கட்டி பல நேரம் ஈரலோடு ஈரலாகக் கலந்துதான் கிடக்கும். சி.டி.யில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, நல்ல ஈரல் சுமார் 50 முதல் 65. கட்டி அதிலிருந்து கொஞ்சம்தான் விலகும். சுருங்கின ஈரலில் முடிச்சு முடிச்சாக வேறு இருக்கும், எது கட்டி எது முடிச்சு என்று கண் திணறும். மருந்து போட்டால் கதை மாறும். ஈரலுக்கு வருகிற ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்குதான் தமனி வழியாக. ஈரலிலேயே உண்டான புற்றோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வாழும். அதனால் மருந்து ஏறி 35 விநாடி வாக்கில் எடுத்த படத்தில் கட்டி மட்டும் வெள்ளையாக மின்னும். 70 விநாடியில் ஈரல் முழுக்க வெளுக்கும்போது கட்டியிலிருந்து மருந்து வடிய ஆரம்பிக்கும். 3 நிமிடம் கழித்து எடுத்தால் அதே கட்டி சுற்றியுள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். இப்படி மூன்று நேரத்தில் எடுப்பதைத்தான் மூன்று கட்ட சி.டி. என்கிறார்கள், அதை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த மின்னல் நிற்பது கொஞ்ச நேரம்தான், 20 விநாடி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை நிறுத்த அரைமணி நேரம் ஆகும். மருந்தைத் திரும்பத் திரும்பப் போடவும் முடியாது, கிட்னி தாங்காது. ஆக ஊசி போகிற நேரம் முழுக்க டாக்டர் தெரியாத கட்டியைத்தான் குறி வைக்கிறார். கட்டிக்குப் பக்கத்தில் எந்தச் சிரை எப்படிக் கிளை பிரிகிறது, ஒரு சின்ன நீர்க்கட்டி இருக்கிறதா, எங்கேயாவது சுண்ணாம்புப் புள்ளி இருக்கிறதா என்று அடையாளம் வைத்துக்கொள்வார். பெரிய ஏரியில் வலை போட்ட இடத்தைக் கரையிலிருக்கும் பனைமரத்தை வைத்துக் கண்டுபிடிப்பதில்லையா, அப்படி. நானும் என் பங்குக்கு திரையில் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை இறுக்குவேன். வழக்கமாக 350, 400 எண்களை ஒரு திரைக்குள் பரப்பிக் காட்டுகிற இடத்தில் 150 மட்டும் காட்டும்படி வைத்தால், மங்கலாக இருந்தது லேசாக எட்டிப் பார்க்கும். சில டாக்டர்கள் சுடுவதற்கு முன்பே தமனி வழியாக லிப்பியோடால் என்ற எண்ணெய் மருந்தைக் கட்டிக்குள் விட்டுவிடுவார்கள். அது கட்டியில் தங்கி, சாதா சி.டி.யிலேயே வெள்ளைப் பொட்டாக வாரக்கணக்கில் தெரியும். பழைய எம்.ஆர்.ஐ. படத்தை இன்றைய சி.டி.யின் மேல் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்ப்பதும் உண்டு.

இனி மூச்சு. சி.டி. மெஷினில் முதன்முதலாக ஆளைப் படுக்க வைத்துப் படம் எடுத்தது 1971 அக்டோபரில், லண்டனில். கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முதல் மெஷின் தலையை மட்டும்தான் படம் எடுத்தது. ஒரு துண்டுக்கே பல நிமிடம் ஆனது, அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கக்கூடியது தலைதான். வயிறு அசையும். இப்போது மெஷின் ஈரல் முழுவதையும் சில விநாடியில் எடுத்துவிடும், ஆனால் அந்தப் பழைய சிக்கல் வேறு வேஷத்தில் இருக்கிறது. படம் எடுத்த நொடியில் ஈரல் எங்கே இருந்ததோ அதுதான் திரையில் நிற்கும். டாக்டர் ஊசியைத் தள்ளும்போது ஈரல் அங்கே இருக்க வேண்டுமே? சும்மா மூச்சு விடும்போதே ஈரல் 1 முதல் 2 செ.மீ. மேலும் கீழும் போகும், ஆழமாக இழுத்தால் இன்னும் அதிகம். மேலே சொன்ன 5 மி.மீ. ஓரத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

நான் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். வேறு ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர். சி.டி. மெஷினில் பதிவு செய்த குரல் ஒன்று உண்டு, அதுவே "பிரீத் இன், ஹோல்டு" என்று இங்கிலீஷில் சொல்லும். நான் அந்தப் பட்டனை அழுத்தி மருந்துப் படத்தை எடுத்தேன். பெரியவர் ஏதோ சத்தம் வருகிறது என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார். அழகான படம், கட்டி நடுவில் மின்னியது. அப்புறம் டாக்டர் உள்ளே போய் ஊசி விடும்போது அவரே வாயால், "விட்டுட்டு அடக்குங்க" என்றார். ஊசி போனது. நான் சரிபார்க்கும் படம் எடுத்தேன். நுனி இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி நின்றது. டாக்டர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு வந்து, "நீ என்ன மூச்சு சொன்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கு வியர்த்துவிட்டது. இன்னும் சுட ஆரம்பிக்காததால் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியை வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்கினோம், ஒரு முறை போட்ட கான்ட்ராஸ்ட் வீண். அன்றிலிருந்து பதிவுக் குரலை அணைத்துவிட்டு மைக்கில் நானே சொல்கிறேன். நம் பக்கத்து ஆள் என்றால் தமிழில், ஓசூர் வேப்பனப்பள்ளிக்காரர் என்றால் தெலுங்கோ கன்னடமோ. எனக்கு இரண்டும் அரைகுறைதான், ஆனால் "ஊப்பிரி பட்டண்டி" என்று சொல்ல அது போதும்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். மயக்க டாக்டர் ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு முறை ஊசி நகரும்போதும், சுவாச மெஷினைச் சில விநாடி நிறுத்திவைப்பார். ஈரல் அதே இடத்துக்கு வந்து நிற்கும். அப்பாவின் ஈரலும் இதயமும் முழு மயக்கத்தைத் தாங்குமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு உள்ளே நடப்பது இப்படி. அப்பாவை மேசையில் படுக்க வைத்து, வலது விலாப் பக்கம் தோலின் மேல் கோடு கோடாக இருக்கிற ஒரு தாளை ஒட்டுவோம். கோடுகள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். எந்தப் புள்ளிக்கு நேராக உள்ளே போனால் கட்டி, எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும், தோலிலிருந்து எத்தனை செ.மீ. ஆழம் என்று திரையில் கோடு இழுத்து அளந்துகொள்வோம். மேசையின் எண்ணை நான் வாசிக்க, மெஷினின் சிவப்பு ஒளிக்கோடு அப்பாவின் தோலில் விழும். அந்தக் கோடும் தாளின் கோடும் சந்திக்கிற இடத்தில் டாக்டர் பேனாவால் பொட்டு வைப்பார். மரத்துப்போக ஊசி, அரை செ.மீ.க்கும் குறைவாக ஒரு கீறல், பிறகுதான் சுடும் ஊசி. ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. பருமன், ஒரு சாண் நீளம் இருக்கும்.

அதை ஒரே தள்ளாகத் தள்ள மாட்டார்கள். கொஞ்சம் தள்ளு, எல்லாரும் வெளியே வா, நாலைந்து செ.மீ. அகலத்துக்கு மட்டும் படம், பார், திரும்ப உள்ளே போ. ஐந்தாறு தடவை நடக்கும். நுனியைக் கண்டுபிடிக்க ஒரு சூட்சுமம் உண்டு. படத்தில் உலோகம் பளீரென்று வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக் கோடு முடிகிற இடத்திலிருந்து மேலும் ஒரு கறுப்பு நிழல் நேராக நீண்டால், அதுதான் உண்மையான நுனி. நிழல் இல்லாமல் மொட்டையாக முடிந்தால் ஊசி சாய்ந்து அடுத்த துண்டுக்குள் போயிருக்கிறது, நாம் பார்ப்பது இடுப்பை, நுனியை இல்லை. புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த நிழலைத்தான். சில இடங்களில் காலால் பெடலை மிதித்து, மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டு விட்டு விட்டுப் படம் பார்த்தும் செய்வார்கள். அதற்கு ஈயக் கவசம் வேண்டும், கை கதிரில் படாமல் ஊசியை இடுக்கியால் பிடிக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கட்டி உச்சியில் என்பதால் நேராகப் பக்கவாட்டில் போனால் வழியில் நுரையீரல் வரும். கீழே விலாவுக்கு அடியிலிருந்து மேல்நோக்கிச் சாய்த்துப் போகலாம். பல மெஷின்களில் வளையத்தையே சாய்க்க முடியும், அப்போது சாய்ந்த ஊசி முழுதாக ஒரே படத்தில் விழும். இல்லையென்றால் உதரவிதானத்துக்கும் ஈரலுக்கும் நடுவில் சின்ன ஊசியால் திரவம் விட்டு இரண்டையும் பிரிப்பார்கள். ரேடியோ அலையில் இதற்கு உப்புத் தண்ணீர் விட மாட்டார்கள், அது மின்சாரத்தைக் கடத்தும். குளுக்கோஸ் தண்ணீர்தான், அதில் சொட்டு கான்ட்ராஸ்ட் கலந்தால் சி.டி.யில் அது எங்கே பரவுகிறது என்று தெரியும். சில நேரம் வேறு வழியில்லாமல் நுரையீரலின் ஓரத்தைக் கடந்தே போவார்கள். அப்போது நுரையீரல் உறைக்குள் கொஞ்சம் காற்று புகலாம். சின்ன அளவு தானாக அடங்கும், கூடினால் குழாய் வைத்து எடுப்பார்கள். அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், ஆனால் "எந்த வழியாகப் போகப் போகிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்கக் கூடிய கேள்விதான்.

சுடுவது ஒரு தடவைக்கு 5 முதல் 12 நிமிடம். ஊசியை எடுக்கும்போதும் போன வழியைச் சுட்டுக்கொண்டே எடுப்பார்கள், ரத்தம் கசியாமலும் கட்டியின் செல் வழியில் ஒட்டாமலும் இருக்க. இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. அப்பா மேசையிலிருந்து எழுவதற்கு முன்பே திரும்ப மருந்து போட்டு ஒரு படம் எடுப்போம். செத்த இடத்துக்கு ரத்தம் வராது, ரத்தம் வராத இடத்தில் மருந்து ஏறாது. கறுப்பாக ஒரு உருண்டை தெரியும். பழைய படத்தில் கட்டி இருந்த இடத்தை அதன் மேல் பொருத்திப் பார்த்தால், கறுப்பு கட்டியை எல்லாப் பக்கமும் விழுங்கியிருக்க வேண்டும், அதற்கு மேலும் ஓரம் மிச்சம் இருக்க வேண்டும். சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் சீராகத் தெரிந்தால் கவலை வேண்டாம், சூடு பட்ட திசுவின் கோபம் அது, நாளாக நாளாக மறையும். ஒரு பக்கம் மட்டும் புடைத்து, முடிச்சு முடிச்சாக வெள்ளை இருந்தால் அங்கே உயிர் மிச்சம் இருக்கிறது என்று சந்தேகம். அந்த நிமிடமே திரும்ப ஊசி விடலாம், அப்பா இன்னும் மேசையில்தானே இருக்கிறார். சி.டி. அறையில் செய்வதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான்.

அந்தப் படம் கடைசித் தீர்ப்பு இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று போகும். ஈரல் புற்றின் அடையாளம் பார்க்கிற ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் கூடவே. அப்பாவுக்கு வேரில் இருக்கிற நோய் ஈரல் சுருக்கமும் பி கிருமியும். அதே ஈரலில் வேறு இடத்தில் புதுக் கட்டி வரலாம். பி கிருமிக்கு டெனோஃபோவிரோ என்டகாவிரோ எழுதியிருந்தால், கட்டிதான் போய்விட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் சில நாள் லேசான காய்ச்சல், அசதி இருக்கும். வலது தோளில் வலி என்று அப்பா சொன்னால் ஊசி தோளில் போட்டார்களா என்று குழம்ப வேண்டாம். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன, உதரவிதானம் சுட்டால் தோள் வலிக்கும். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சுத் திணறல், வயிறு உப்பி மயக்கம், கண் மஞ்சள் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போங்கள், பெங்களூருக்கு போன் பிறகு.

ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு நடுவில் அது இருக்கிறது. சுருங்கின ஈரலை வெட்டினால் மிச்சம் இருப்பது உடம்பைத் தாங்குமா என்பதே முதல் கேள்வி. 3 செ.மீ.க்கு உள்ளான ஒற்றைக் கட்டிக்குச் சுடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வைத்தியம்தான், வழி இல்லாதவருக்குக் கொடுக்கிற ஆறுதல் இல்லை. வெட்டுவதைவிடச் சுட்ட இடத்துக்குப் பக்கத்தில் திரும்ப வருவது கொஞ்சம் அதிகம் என்பதும் உண்மை. வந்தால் திரும்பவும் சுடலாம் என்பதும் உண்மை.

கதிர்வீச்சு பற்றி யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். வயிற்று சி.டி. ஒரு சுற்றுக்கு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட், நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறோம். ஊசி விடும்போது எடுக்கிற படங்கள் குறைந்த கதிரில், சின்ன அகலத்துக்கு மட்டும். 61 வயதில், ஈரலில் கட்டியோடு இருப்பவருக்கு இது கவலைப்படுகிற விஷயமே இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ எடுத்த மூன்று கட்ட சி.டி.யின் ஃபிலிமை மட்டும் சுருட்டிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஃபிலிமில் பொட்டு பொட்டாக இருக்கும் படத்தில் 5 மி.மீ. அளக்க முடியாது. எடுத்த இடத்தில் சி.டி.யை டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், எம்.ஆர்.ஐ. இருந்தால் அதையும். இல்லையென்றால் அதே படத்தைத் திரும்ப எடுக்கச் செலவு, திரும்ப மருந்து, கிட்னிக்கும் வேலை. பிளேட்லெட் 50,000-க்கு மேல், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஈரல் சுருக்கத்தில் இரண்டும் தகராறு செய்யும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அப்புறம் யாரோ கொடுத்த கீழாநெல்லியோ கஷாயமோ, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், தேதி குறிப்பதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் அட்டை இங்கே செல்லுமா, இந்த வைத்தியத்துக்குச் செல்லுமா. இரண்டும் வேறு வேறு கேள்வி.

முழு மயக்கம் இல்லாமல் செய்வதாக முடிவானால், இருக்கிற நாட்களில் அப்பாவுக்கு மூச்சு பழக்குங்கள். நெஞ்சு நிறைய இழுத்து அடக்குவது வேண்டாம், அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவில் வரும். சாதாரணமாக இழுத்து, சாதாரணமாக விட்டு, விட்ட இடத்தில் நிறுத்துவதுதான் எப்போதும் ஒரே மாதிரி வரும். மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் மடித்த செய்தித்தாளை வையுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தாள் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். "இழுங்கப்பா, விடுங்கப்பா, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி 15 எண்ணுங்கள். பத்து தடவையில் எட்டு தடவை தாள் அதே உயரத்தில் நின்றால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவனுக்குப் பாதி வேலை முடிந்தது.